நடுவழியில் சரிசெய்ய முடியுமா?

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கேட்பது, "ஓட்டுகிற நேரம் அதிகமா, ரிப்பேர் பார்க்கிற நேரம் அதிகமா?" என்பதுதான். கேள்வியில் கேலி இருக்கிறது; ஓரளவு நியாயமும் இருக்கிறது. இத்தாலிய வண்டிகள் பார்க்க அழகாக இருக்கும், ஓட்டச் சுகமாக இருக்கும், ஆனால் மழை பெய்தால் மக்கர் பண்ணும் என்ற பெயர் எழுபதுகளிலேயே நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஒரே வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், சட்டம் (ஃபிரேம்) ஆகியவை இரண்டு தலைமுறைக்குத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சுவிட்சு, வயர் இணைப்பு, ஃபியூஸ் பெட்டி, குரோம் பூச்சு, பெயின்ட் எல்லாம் அந்த மாதச் செலவுக் கணக்கைப் பார்த்து வாங்கிப் பொருத்தியவை போல இருக்கும். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டவனுக்கு இந்த வண்டிகளைப் போல நாணயமான வண்டி வேறு இல்லை என்றே சொல்வேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் ஜப்பானிய வண்டி வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

நான் வசிப்பது வட இத்தாலியில் கோமோ ஏரியின் கிழக்குக் கிளை முடியும் லெக்கோ நகரில். இரும்பும் கம்பியும் சார்ந்த தொழில்களுக்குப் பெயர்போன ஊர். என்னையும் அப்படியொரு தொழிற்சாலை வேலைதான் இங்கே கொண்டுவந்தது. இங்கிருந்து ஏரிக்கரையோரமாக வடக்கே சிறிது தூரம் போனால் மண்டெல்லோ டெல் லாரியோ வந்துவிடும். மோட்டோ குட்ஸி வண்டிகள் 1921 முதல் செய்யப்படும் ஊர் அது. மலைக்கும் ஏரிக்கும் நடுவே ரயில் தண்டவாளத்தை ஒட்டி நீளும் அந்தத் தொழிற்சாலைக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு வேறு நிறுவனத்தின் பழைய வண்டியை வாங்கியிருந்தால், தெருவில் யாரும் எனக்கு வணக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னிடம் இருப்பது எழுபதுகளின் இறுதியில் வெளிவந்த ஒரு 850 டி3.

அந்த நிறுவனத்தின் தொடக்கக் கதையை இங்கே சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். முதல் உலகப் போரில் இத்தாலிய விமானப் பிரிவில் சந்தித்துக்கொண்ட கார்லோ குட்ஸி, ஜார்ஜோ பரோடி, ஜொவான்னி ராவெல்லி மூவரும் போர் முடிந்ததும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்வதாகத் திட்டமிட்டார்கள். விமானியும் பந்தய வீரருமான ராவெல்லி 1919இல் விமான விபத்தில் இறந்துபோனார். பெட்ரோல் டாங்கில் சிறகு விரித்திருக்கும் கழுகு அவர் நினைவாக வைத்தது. அதன்பின் வந்த பந்தய வெற்றிகள், 1950இல் ஊருக்குள்ளேயே கட்டிய காற்றுச் சுரங்கம், ஜூலியோ செசாரே கர்கானோ வடிவமைத்த எட்டு சிலிண்டர் 500 சி.சி. பந்தய வண்டி, 1957 முடிவில் பந்தயத்திலிருந்து விலகியது என்று பேசினால் அதற்கே ஒரு நாள் போதாது. என் கதைக்கு வேண்டியது கர்கானோ கடைசியாக விட்டுச்சென்ற எஞ்சின்தான்.

1965இல் மிலான் கண்காட்சியில் வி7 என்ற பெயரில் வெளிப்பட்ட அந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 90 பாகைக் கோணத்தில் விரிந்து, டாங்கின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடப்பதால் சக்தி நேராகப் பின்னால் போய், செயின் இல்லாமல் ஷாஃப்ட் வழியாகச் சக்கரத்தைச் சேர்கிறது. காவல் துறை, ராணுவம் போன்ற அரசு வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துச் செய்ததால் வேகத்தைவிட உழைப்புக்கே முதலிடம் கொடுத்தார்கள்; வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இரு சிலிண்டர்களுக்கும் நடுவில் கீழே உட்கார்ந்து புஷ்ராடு என்ற நீளக் குச்சிகள் வழியாக அவற்றைத் திறக்கிறது. கர்கானோவுக்குப் பின் வந்த லீனோ தோன்தி, அந்த உயரமான எஞ்சினைத் தாழ்வான விளையாட்டு வண்டிக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக, முன்புறம் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கிராங்கின் முனையிலேயே வைத்து, சட்டத்தின் கீழ்க் குழாய்களைக் கழற்றிவிடக்கூடியவையாக அமைத்தார். 1971இல் வந்த வி7 ஸ்போர்ட் தொடங்கிப் பல பதிற்றாண்டுகள் நீடித்தது அந்தச் சட்டம். 1975இல் வந்த டி3 அதில் அமர்ந்த சாதுவான பயண வண்டி: 83 மில்லிமீட்டர் போர், 78 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 844 சி.சி., ஐந்து கியர், மூன்று டிஸ்க் பிரேக்.

இதே காலத்து டுகாட்டியை ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தலியோனி வால்வைத் திறக்க ஒரு ராக்கர் (நெம்புகோல்), மூட இன்னொரு ராக்கர் என்று ஸ்பிரிங்கை நம்பாத டெஸ்மோ முறையைப் பந்தயத்தில் 1956இலும் சாலை வண்டியில் 1968இலும் கொண்டுவந்தார். பால் ஸ்மார்ட் 1972இல் இமோலா 200 பந்தயத்தில் வென்றது அப்படியொரு இரட்டைச் சிலிண்டர் வண்டியில்தான். அந்த எஞ்சின் ஓடும்போது அருகில் நின்று கேட்பது பெரும் சுகம். ஆனால் கேம் ஷாஃப்டை ஓட்டும் பெவல் பற்சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றிச் சரிபார்ப்பது, அதில் கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஒரு முழு எஞ்சினைச் சரியாகக் கோக்க அவர்களுக்கே பல நாள் பிடிக்கும். லவெர்டா 750 அழகான வண்டி, எடையும் முரட்டுத்தனமும் என் உடம்புக்கு ஒத்துவராது. மொரீனியின் ‘மூன்றரை’ என்ற மாடல் சிறியது, சாமர்த்தியமானது, நீண்ட பயணத்துக்கு என் முதுகு சம்மதிக்கவில்லை. அலுவலகம் போய்வரும் ஒருவன், குடியிருப்புக்குக் கீழே உள்ள ஒரு கார் ஷெட்டில், சனிக்கிழமைக் காலை வேளையில் தானே பராமரிக்கக்கூடிய பெரிய இத்தாலிய வண்டி என்றால் அது குட்ஸிதான்.

வால்வு இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் நூலளவு இடம், சரிசெய்வதை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரும்பு எஞ்சின் புல்லட் ஓட்டிய காலத்தில், பக்கவாட்டு மூடியைத் திறந்து, புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது என்ற அளவில் டேப்பட் வைப்போம். குட்ஸியில் விரல் கணக்கு இல்லை. ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதால் முந்தின இரவு வண்டியைத் தொடக்கூடாது. பிளக்குகள் இரண்டையும் கழற்றி, கியரை ஐந்தாவதில் போட்டு, நடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கிராங்க் சுழலும். வலது பக்கம், கிளட்ச் உறையில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கிராங்கோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலின் விளிம்பு தெரியும். அதில் ஓரிடத்தில் ஒரு கோடும் எஸ் என்ற எழுத்தும், இன்னோரிடத்தில் ஒரு கோடும் டி என்ற எழுத்தும் வெட்டியிருக்கும். முதலாவது இடது சிலிண்டருக்கு, இரண்டாவது வலதுக்கு. கோடு துளையின் நடுவில் வந்து நிற்கும்போது அந்தப் பக்கத்துப் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். அது அமுக்கச் சுற்றின் உச்சிதானா என்பதை இரண்டு ராக்கர்களும் தளர்ந்து ஆடுவதை வைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் வேலை எளிது. சிலிண்டர் தலை முழங்கால் உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு குட்டையான முக்காலியில் உட்கார்ந்தபடியே மூடியின் அலன் போல்ட்டுகளைக் கழற்றலாம். டாங்கை எடுக்க வேண்டாம், இருக்கையை எடுக்க வேண்டாம், எதற்குள்ளும் கை விட்டுத் துழாவ வேண்டாம். டி3க்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.22 மில்லிமீட்டர். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, ஃபீலர் தகடு லேசான பிடிப்புடன் நழுவும் இடத்தில் நிறுத்தி, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது இடைவெளி சற்றே மாறும். மறுபடி அளக்க வேண்டும். நான்கு வால்வு, ஒரு காபி நேரம். இந்தப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நான் ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நாட்களில் வழியில் நின்று பார்ப்பார். "இடைவெளி கூடினால் சத்தம் போட்டுச் சொல்லும், குறைந்தால் சொல்லாமலே வால்வை எரித்துவிடும், சத்தம் போடுகிறவர்களைக் கண்டு பயப்படாதீர்கள்" என்று அவர் சொன்னது பொறியியல் உண்மை. டேப்பட் சத்தமே இல்லாத பழைய குட்ஸியைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது.

எண்ணெய் மாற்றுவதுதான் இந்த மாடலில் அலுப்பான வேலை. முந்தைய மாடல்களில் கம்பி வலை மட்டுமே இருந்தது. டி3யில்தான் முதன்முதலாகக் காகித ஃபில்டர் வைத்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் அதை எஞ்சினின் அடித்தட்டுக்குள்ளே வைத்துவிட்டார்கள். ஃபில்டரை மாற்ற வேண்டுமானால் எண்ணெயை வடித்து, சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, தட்டு முழுவதையும் இறக்கி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியது வைக்க வேண்டும். பிறகு மூன்று லிட்டர் 20டபிள்யூ50 ஊற்ற வேண்டும். திட்டிக்கொண்டே செய்தாலும் ஒரு பயன் உண்டு: தட்டின் அடியில் படிந்திருப்பதை விரலில் தேய்த்துப் பார்க்கலாம். சாம்பல் நிறக் குழம்பு சாதாரணம். பளபளக்கும் செதில்கள் தென்பட்டால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தக் காலத்துச் சிலிண்டர்களின் உட்சுவரில் குரோம் பூச்சு இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் ஈரத்தில் நின்ற வண்டிகளில் அது அப்பளம் போல உரிந்து எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். எண்பதுகளில் நிகுசில் என்ற பூச்சுக்கு மாறியபின்தான் இந்தத் தொல்லை ஒழிந்தது. பழைய டி3 வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல், சிலிண்டர் மாற்றியாயிற்றா, ரசீது உண்டா என்று கேளுங்கள் என்பதே.

பின் சக்கரத்தில் உள்ள பெவல் டிரைவுக்கான எண்ணெய்க் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கையேட்டில் மொத்தம் கால் லிட்டர் என்று போட்டு, அதில் 230 மில்லி கியர் ஆயில், 20 மில்லி மாலிப்டினம் கலவை என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக் குழலால் அந்த 20 மில்லியை அளந்து விடுவேன். செயின் வண்டிக்காரர்கள் வாரந்தோறும் கை கறுக்கச் செய்யும் வேலைக்கு இங்கே ஆண்டுக்கொரு முறை இவ்வளவுதான்.

இனி மின்சாரம். இத்தாலிய வண்டிகளின் கெட்ட பெயரில் முக்கால் பங்கு இங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால் டி3யின் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ரெகுலேட்டர் எல்லாம் ஜெர்மானிய போஷ் சரக்கு, நல்ல சரக்கு. அவற்றை இணைக்கும் வயரும் முனையும்தான் காலப்போக்கில் பச்சை பூத்துப்போகின்றன. பழைய ஃபியூஸ்கள் இரு முனையும் கூம்பிய பீங்கான் துண்டுகள். அவற்றைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்தாலோ களிம்பு ஏறினாலோ, ஃபியூஸ் எரியாமலே தொடர்பு விட்டுப்போகும். ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் கைப்பிடிச் சுவிட்சு வழியாகவே போவதால் சுவிட்சு சூடாகும், விளக்கு மங்கும்.

இதில் ஒரு விசித்திரத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நல்ல பேட்டரிகளை வீணாக மாற்றவைத்த விசித்திரம் அது. இந்த ஆல்டர்னேட்டரின் ரோட்டாரில் (சுழலும் பாகத்தில்) நிரந்தரக் காந்தம் கிடையாது. மின்சாரம் ஏறினால்தான் அது காந்தமாகும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அந்த முதல் மின்சாரம், மீட்டர்ப் பலகையில் உள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் ரோட்டாருக்குப் போகிறது. ஆகவே அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போய்விட்டால், ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காமலே கிடக்கலாம். ஓட்டுபவரோ, சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார். ஹெட்லைட் பேட்டரியை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஏதோ ஒரு சுரங்கப்பாதைக்குள் வண்டி நின்றுவிடும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆகி வேகம் கூடியதும் அணைகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வண்டியில் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை. எரிகிறது, ஆனால் அணையவில்லை என்றால், முன் மூடியைக் கழற்றிக் கார்பன் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு, ரோட்டாரின் இரு செப்பு வளையங்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும்: மூன்று நான்கு ஓம் காட்டினால் நல்லது, முள் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சில ரோட்டார்கள் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூடேறிச் சுழலும்போது மட்டும் அறுந்துகொள்ளும். அவற்றோடு வாதாடிப் பயனில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே மரியாதை.

பழைய வண்டிக்காரர்களுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா? இத்தாலியில் முதல் கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு நடத்தும் வரலாற்றுப் பதிவேட்டில் வண்டியைச் சேர்க்க வேண்டுமானால் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து அனுப்பி, அது மூல வடிவத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். முப்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி நீங்கி, ஓட்டினால் மட்டும் ஒரு சிறு தொகை என்ற சலுகை இருப்பதால், பழையதைப் பழையதாகவே காப்பதை அரசும் ஓரளவு ஊக்குவிக்கிறது. சரியான நிற பெயின்ட், சரியான ஸ்டிக்கர், சரியான திருகுத் தலை என்று தேடி அலைபவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் எது மூலம் என்பதே மறந்துபோயிருக்கும். ஆனால் அவர்களில் பலரது வண்டி வேனில் ஏறிக் கண்காட்சிக்குப் போய் வேனில் ஏறித் திரும்பி வருகிறது. மறு கட்சியினர் எலக்ட்ரானிக் இக்னிஷன், லித்தியம் பேட்டரி, எல்இடி விளக்கு என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இப்போது இது புது வண்டி போல ஓடுகிறது என்கிறார்கள். புது வண்டி போல ஓடுவதற்குப் புது வண்டியையே வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இரண்டு கட்சியும் ஒத்துவரவில்லை. நான் எதையும் மாற்றும் முன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது ஆள் நடமாட்டமில்லாத மலைக் கணவாயில் நின்றுபோனால், பையில் இருக்கும் கருவியைக் கொண்டு நானே சரிசெய்து வீடு திரும்ப முடியுமா? இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் புதிது எல்லாம் நல்லதும் ஆகாது, பழையது எல்லாம் நல்லதும் ஆகாது. பீங்கான் ஃபியூஸ் பெட்டியை எடுத்துவிட்டு, கார்களில் உள்ள தட்டை ஃபியூஸ் பெட்டியை வைத்தேன்; அந்த ஃபியூஸ் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும். ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் சுவிட்சு வழியாகப் போகாதபடி ரிலே போட்டேன். கெட்டால் இழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைச் செருகலாம். பிரேக்கின் பழைய ரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வழியில் ஒன்றும் செய்யவும் முடியாது. ஆகவே எஃகுப் பின்னலிட்ட குழாய்க்கு மாறுவதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை.

இக்னிஷனில் மட்டும் பழைய கட்சிதான். மரெல்லி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக பொறி விழச் செய்யும் இரண்டு ஜோடி பாயிண்ட்டுகள்; இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். சிலிண்டருக்கும் டாங்குக்கும் நடுவே கையை மடக்கி நுழைத்து இரண்டையும் சரிபார்ப்பது யோகாசனத்தில் சேர வேண்டியது. ஒன்றின் இடைவெளியை மாற்றினால் அதன் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) மாறும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்ற வரிசையை மீறக்கூடாது. எலக்ட்ரானிக் பெட்டி போட்டால் இந்த வேலையே இல்லை. எஞ்சினும் தாழ்ந்த வேகத்தில் இன்னும் சீராக ஓடும். ஆனால் பாயிண்ட் கெடும்போது இருமி, தடுமாறி, நாலு நாள் முன்பே அறிகுறி காட்டிக் கெடுகிறது; நகம் தேய்க்கும் அரத்தாலும் ஒரு திருப்புளியாலும் சாலையோரத்தில் உயிர்ப்பிக்கலாம். கருவிப் பையில் ஒரு கண்டன்சர் கூடுதலாக வைத்திருந்தால் போதும். எலக்ட்ரானிக் பெட்டி கெட்டால் வண்டியை ஏற்றிச்செல்ல லாரிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சதுர ஸ்லைடு கொண்ட 30 மில்லிமீட்டர் டெல்லோர்டோ இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்துக்கொள்வதற்கு எப்போதும் காரணம் ஓட்டாமல் விட்ட பெட்ரோல்தான். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும்படி கேபிள்களைச் சரிசெய்வதில்தான் சுகமே இருக்கிறது. வாக்குவம் மீட்டர் இரண்டின் முள்ளும் ஒரே அளவில் நிற்கும் கணத்தில், அதுவரை கைப்பிடியில் இருந்த நடுக்கம் அடங்கிப்போகும். 90 பாகை அமைப்பில் பிஸ்டன்களின் முதல்நிலை அதிர்வு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பதால், நன்றாகச் சரிசெய்த குட்ஸியில் மிஞ்சுவது ஒழுங்கற்ற அந்தத் தாளம் மட்டுமே: ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிராங்க் 270 பாகை சுற்றும், அதற்கடுத்த இடைவெளியில் 450 பாகை.

இவ்வளவையும் செய்வது ஓட்டுவதற்காக. லெக்கோவிலிருந்து வடக்கே போக இரண்டு வழி உண்டு. பெரிய சாலை மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே அவசரமாகப் போகிறது. பழைய ஏரிக்கரைச் சாலை மண்டெல்லோ, வரென்னா, பெல்லானோ என்று ஒவ்வோர் ஊரின் வாசலையும் தொட்டுக்கொண்டு கோலிகோ வரை செல்கிறது. பழைய சாலையில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் போகும்போதுதான் கனமான ஃபிளைவீலின் அருமை தெரியும். கியரைக் குறைக்காமலே எஞ்சின் நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரைச் சுண்டினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து எழும். கிராங்க் நீளவாக்கில் சுழல்வதன் எதிர்விளைவு அது. முதன்முறை ஏறியவர்கள் திடுக்கிடுவார்கள். ஓடும்போது அது தெரியவே தெரியாது. வெலியா நிறுவன வேகமானியின் முள் மட்டும் எப்போதும் இருபது கிலோமீட்டர் அகலத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரர் கேட்டால் சராசரியைச் சொல்ல வேண்டியதுதான்.

கியாவென்னா தாண்டி ஸ்ப்ளூகா கணவாய்க்கு ஏறும் சாலை இந்த வண்டிக்குச் சரியான தேர்வுக்கூடம். ஆஸ்திரிய ஆட்சியில் ஸ்டெல்வியோ சாலையை 1820 முதல் 1825 வரை கட்டிய பொறியாளர் கார்லோ தொனெகானியே இதையும் அமைத்தார். குதிரை வண்டிகளுக்காக வெட்டிய கொண்டை ஊசி வளைவுகள். சில வளைவுகள் குறுகிய குகைக்குள்ளேயே திரும்பும், எதிரே பேருந்து வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். 2,100 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலைப் பழைய அளவிலேயே கொடுக்கும். உச்சியை நெருங்க நெருங்க வண்டி மந்தமாகி, புகைபோக்கியில் கரி வாசம் வரும். கீழே இறங்கினால் தானே தெளிந்துவிடும் என்பதால் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை.

இறங்கும்போது அந்த இணைப்பு பிரேக்கை மெச்சுவேன். கால் பெடலை அழுத்தினால் பின் டிஸ்க்கோடு முன் சக்கரத்தின் ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கை லீவர் முன் சக்கரத்தின் மற்ற டிஸ்க்குக்கு மட்டும். பந்தயப் பித்து உள்ளவர்கள் இதைப் பிரித்துத் தனித்தனியாக்கிவிடுவார்கள். நான் மாட்டேன். மூட்டை முடிச்சோடு ஈரச் சாலையில் இறங்கும்போது, முன்பக்கம் மூக்கு குத்தாமல் வண்டி முழுவதும் ஒருசேரத் தாழ்ந்து வேகம் குறைவதை அனுபவித்தவன் அதைப் பிரிக்கத் துணியமாட்டான். வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை மூடுவதுதான் கூடாது. ஷாஃப்ட் வண்டியாதலால் பின்பக்கம் சட்டென்று கீழே அமர்ந்து தரையில் உரசும். உள்ளே நுழையுமுன் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முழுவதும் லேசாக இழுவையைக் கொடுத்துக்கொண்டே வெளியே வர வேண்டும். மேலே ஏறிக் காபிக்காக நிறுத்தும்போது கவனிக்க வேண்டியது சைடு ஸ்டாண்டு. எடை நீங்கிய நொடியிலேயே தானாக மேலே மடங்கிக்கொள்ளும்படி அதை வடிவமைத்தவர் யாரோ தெரியாது. அவருக்குச் சொந்தமாக வண்டி இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நவம்பர் வந்ததும் மலைச் சாலைகளில் உப்பு தூவிவிடுவார்கள். அப்போது நிறுத்திவிட வேண்டியதுதான். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அது எஞ்சினுக்குச் செய்யும் தீங்கு. எரியும் பெட்ரோலிலிருந்து உண்டாகும் நீராவி, சூடேறாத உலோகத்தில் பட்டு நீராகி எண்ணெயில் கலந்துவிடும். அது ஆவியாகிப் போகும் அளவுக்கு எண்ணெய் சூடாக, நல்ல வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அப்படி ஓட்ட முடியாதென்றால் புதிய எண்ணெய் ஊற்றி, கார்புரேட்டரை வடித்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வண்டியை நிம்மதியாகத் தூங்கவிடுவதே நல்லது.

இந்தக் குளிர்காலம் கிளட்ச் வேலை காத்திருக்கிறது. உலர் கிளட்ச், இரண்டு பிளேட்டு. கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிறது. அதை எட்ட, எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பின் சக்கரத்தையும் ஷாஃப்டையும் கழற்றி, தோன்தி கழற்றும்படி அமைத்த அந்தக் கீழ்க் குழாய்களை எடுத்துவிட்டால், மீதிச் சட்டம் முன் சக்கரத்தின் மேல் நண்டு போலப் பின்புறம் தூக்கி நிற்கும். எஞ்சின் தரையிலேயே இருக்கும். சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். ஷெட்டுக் கதவருகில் நிற்கும் பெரியவர், கை கொடுப்பதாகவும், ஆனால் பிளேட்டை மாற்றும்போதே ஃபிளைவீலின் உட்பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும், கியர்பாக்ஸின் முன் எண்ணெய் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சீல், பிளேட்டு, மையம் காட்டும் கருவி மூன்றையும் ஜெர்மனியில் உள்ள உதிரிபாகக் கடையில் சொல்லியாயிற்று; பழைய குட்ஸிக்கான உதிரிபாகம் மண்டெல்லோவைவிட அங்கேதான் தட்டாமல் கிடைக்கிறது.